ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்: எந்தக் கோளாறுக்கு முதலில் எங்கே பார்ப்பது?

ஃபிஃப்த் வீல் (பிக்கப் ட்ரக்கின் பின்தொட்டியில் பூட்டி இழுக்கும் வீட்டு ட்ரெய்லர்) வைத்திருக்கும் நண்பர்கள் வழியில் எங்காவது நின்றுகொண்டு வாட்ஸப்பில் படம் அனுப்புவார்கள். "அண்ணா, இதோட ஓட்டலாமா?" என்று கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் திரும்பத் திரும்பச் சொல்வதை எல்லாம் அறிகுறிவாரியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. அமெரிக்காவில், பிக்கப் ட்ரக்கின் பெட்டில் (பின்தொட்டியில்) ஹிட்ச் என்ற பூட்டும் கருவியைப் பொருத்தி, எலெக்ட்ரிக் பிரேக் உள்ள இரண்டு அல்லது மூன்று ஆக்ஸில் ட்ரெய்லரை இழுப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், முடிந்தால் டிசி ஆம்பியரும் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஏழு முனை பிளக்கைச் சோதிக்கும் டெஸ்டர், டயர் கேஜ், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு முறுக்கில் இறுக்கும் ஸ்பேனர்), தொடாமலே சூடு பார்க்கும் வெப்பமானி, நல்ல சக்கரக் கட்டைகள், டார்ச்.

ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பர்ஸைக் கரைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள். பிளக்கில் பச்சை படிந்திருந்ததைப் பார்க்காமல், ட்ரக்கிலிருந்து ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரையே மாற்றியவர்கள் உண்டு. ஆனால் ஹிட்ச், சக்கரம், ஃப்ரேம் ஆகிய மூன்றுக்கும் ஒரு தனி விதி: இவற்றில் சந்தேகம் என்றால் ஓட்டிப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும்.

## ஹிட்ச் கைப்பிடி மூடியது, ஆனால் சரியாகப் பூட்டியதா என்று தெரியவில்லை

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான். கைப்பிடி உள்ளே போயிருக்கும், "டக்" என்று சத்தமும் கேட்டிருக்கும். ஆனால் ட்ரெய்லர் மூக்கின் அடியில் இருக்கும் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை, ஹிட்ச்சின் தாடைக்குள் உட்கார்ந்திருக்காது. வண்டியை எடுத்தால் ட்ரெய்லரின் மூக்கு அப்படியே ட்ரக் பெட்டின் பக்கச் சுவர்கள் மேல் விழும்.

காரணம் 1: ட்ரெய்லர் உயரமாக நிற்கிறது. பத்தில் ஒன்பது தடவை இதுதான். கிங்பின்னில் 2 அங்குலக் கழுத்து ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே அகலமான விளிம்பு. தாடைகள் அந்தக் கழுத்தைத்தான் கவ்வ வேண்டும். ட்ரெய்லர் கொஞ்சம் உயரமாக நின்றால் கழுத்துக்குப் பதிலாக அடி விளிம்பு தாடைக்கு நேரே வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே இருக்கும்.

பார்க்கும் முறை: டார்ச் அடித்து ஹிட்ச் தலைக்கும் ட்ரெய்லரின் பின் பாக்ஸ் (pin box, கிங்பின்னைத் தாங்கும் முன்பக்கப் பெட்டி) தட்டுக்கும் நடுவே பாருங்கள். இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பூட்டவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி முழுதாக மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சத்தத்தை நம்ப வேண்டாம்.

சரிசெய்ய: கழற்றி, ட்ரக்கை முன்னே எடுத்து, லேண்டிங் கியரை (ட்ரெய்லரின் முன்கால்களை) உள்ளே இழுத்து ட்ரெய்லர் மூக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். பின் பாக்ஸ் தட்டு ஹிட்ச் தலையின் மேற்புறத்தைவிட அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் தாழ்வாக இருந்தால் சரி. பின்னே வரும்போது தட்டு ஹிட்ச்சின் சரிவில் ஏறி, ட்ரெய்லர் மூக்கு லேசாகத் தூக்கப்படும். அது கண்ணுக்கே தெரியும்.

காரணம் 2: தாடை முழுதாகத் திறக்கவில்லை. காய்ந்த கிரீஸ், மணல், துரு. துடைத்து, லித்தியம் கிரீஸ் பூசி, ஆள் வைத்துக் கைப்பிடியை நாலைந்து முறை இழுத்து விட்டுப் பாருங்கள்.

காரணம் 3: கிங்பின்னில் போடும் பிளாஸ்டிக் தட்டு. கிரீஸுக்குப் பதிலாகப் போடும் இந்த வட்டத் தட்டு தடிமனாக இருந்தால் சில ஹிட்ச்களில் தாடைக்கு இடம் போதாது. உங்கள் ஹிட்ச்சின் கையேடு எந்தத் தடிமனை ஒத்துக்கொள்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

காரணம் 4: தாடையோ கிங்பின்னோ தேய்ந்துவிட்டது, அல்லது வளைந்திருக்கிறது. இங்கே நிறுத்திவிட்டு ஹிட்ச் கடையைக் கூப்பிடுங்கள். வெல்டிங், சுத்தியல் எதுவும் வேண்டாம்.

எந்தக் காரணமாக இருந்தாலும் கடைசியில் இழுத்துப் பார்க்கும் சோதனை கட்டாயம். கைப்பிடி பூட்டி, அதன் கிளிப்பும் போட்டாயிற்று. பிளக்கும், ட்ரெய்லர் கழன்றால் தானே பிரேக் போட வைக்கும் பிரேக்அவே கேபிளும் மாட்டியாயிற்று. சக்கரக் கட்டைகள் அப்படியே இருக்கட்டும். லேண்டிங் கியரின் பாதம் தரையிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் எழ வேண்டாம். இப்போது பிரேக் கன்ட்ரோலரின் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ட்ரக்கை மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் ட்ரக் அசைய முடியாமல் நிற்கும். பூட்டவில்லை என்றால் கிங்பின் நழுவும், ஆனால் மூக்கு ஒரு அங்குலம் இறங்கி லேண்டிங் கியரிலேயே நின்றுவிடும். சேதம் இல்லை. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. மழை, இருட்டு, பின்னால் ஹாரன் அடிக்கும் வண்டி என்று எதற்காகவும் விட்டுவிடாதீர்கள்.

## கழற்றும்போது கைப்பிடி வரமாட்டேன் என்கிறது

ஹிட்ச் கெட்டுப்போனதாக நினைத்து எல்லோரும் பயப்படும் இடம். பெரும்பாலும் கெட்டிருக்காது. தாடை மேல் அழுத்தம் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பாதுகாப்புக் கிளிப்பை எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுத்திருந்தால், ட்ரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு ட்ரக்கை ஒரு அங்குலம் பின்னே தள்ளுங்கள். அந்த அழுத்தத்திலேயே பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, இறங்கி வந்து கைப்பிடியை இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

வரவில்லையா? லேண்டிங் கியரைப் பாருங்கள். கால்களை அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் ட்ரெய்லர் ஹிட்ச்சையே மேலே தூக்கும். ட்ரக்கின் பின்பக்கம் வழக்கத்தைவிட உயர்ந்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும். கால்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். கால்களை இறக்கவே இல்லை என்றால் மொத்த எடையும் தாடை மேல் இருக்கும், அதுவும் தடையே.

தரை சரிவாக இருந்தாலோ, ட்ரக் கோணலாக நின்றாலோ தாடை பக்கவாட்டில் இறுகும். கட்டைகளை எடுத்து, ஓரிரு அடி நகர்த்தி, ட்ரக்கும் ட்ரெய்லரும் ஒரே கோட்டில் நிற்கும்படி வைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு வராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். கைப்பிடியில் குழாயை மாட்டி நெம்புவதையும் சுத்தியலால் அடிப்பதையும் செய்யாதீர்கள். வளைந்த கைப்பிடி அடுத்த முறை பூட்டியதா இல்லையா என்பதைச் சரியாகக் காட்டாது.

## கன்ட்ரோலர் "ட்ரெய்லர் இல்லை" என்கிறது

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வந்தாலும், மாட்டியவுடனே வந்தாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: கோளாறு ட்ரக் பக்கமா, ட்ரெய்லர் பக்கமா? இதைப் பிரிக்காமல் எதையும் கழற்ற வேண்டாம்.

ஏழு முனை டெஸ்டரை ட்ரக்கின் சாக்கெட்டில் சொருகி, ஒருவர் விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் லீவர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

டெஸ்டரில் பிரேக் விளக்கு எரியவில்லை என்றால்: ட்ரக் பக்கம். முதலில் ஃபியூஸ். ட்ரக்கில் ட்ரெய்லருக்கென்றே தனி ஃபியூஸ்கள் உண்டு, கையேட்டில் படம் இருக்கும். அடுத்து சாக்கெட். பல ட்ரக்குகளில் பின் பம்பரில் ஒன்று, பெட்டுக்குள் ஒன்று என இரண்டு சாக்கெட் இருக்கும். ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யவில்லை என்றால் கோளாறு அந்த சாக்கெட்டிலோ அதற்குப் போகும் வயரிலோதான். இரண்டும் செய்யவில்லை, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்றால் கன்ட்ரோலர் அல்லது மாட்யூல். அது டீலரின் வேலை.

டெஸ்டரில் எல்லாம் எரிகிறது என்றால்: ட்ரெய்லர் பக்கம். பிளக்கை முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பச்சை, வெள்ளைப் படிவம் இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் லேசாகப் பூசுங்கள். உலோகத் தகடுகள் நெளிந்து ஒடுங்கியிருந்தால் சாக்கெட்டில் இறுக்கமாகப் பிடிக்காது. பிளக்கை அசைத்தால் கன்ட்ரோலரில் "இருக்கிறது, இல்லை" என்று மாறுகிறதா? அப்படியானால் பிளக்கையே மாற்றிவிடுங்கள். அது மலிவான பொருள்.

பிளக் மாற்றும்போது ஓர் எச்சரிக்கை: வயரின் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். ஆர்வி (வீட்டு வண்டி) தயாரிப்பாளர்கள் பின்பற்றும் நிற வரிசை ஒன்று, ட்ரக், சிறு ட்ரெய்லர் உலகத்தின் வரிசை வேறொன்று. ஒன்றில் பழுப்பு வயர் பின்விளக்குக்குப் போகும், மற்றொன்றில் அதே பழுப்பு வலது இண்டிகேட்டருக்குப் போகும். பச்சையும் இப்படித்தான் மாறும். வெள்ளை கிரவுண்ட், நீலம் பிரேக், கறுப்பு 12 வோல்ட் சார்ஜ் என்பது மட்டும் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். பழைய பிளக்கை வெட்டும் முன் படம் எடுத்துக்கொண்டு, முனையின் இடம் பார்த்து இணையுங்கள்.

பிளக் சுத்தம், ஆனாலும் ட்ரெய்லர் தெரியவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். ட்ரக்கிலிருந்து கழற்றிய நிலையில், ட்ரெய்லர் பிளக்கின் நீல முனைக்கும் வெள்ளை முனைக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். எலெக்ட்ரிக் பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூவை இயக்க ஒரு மேக்னட் (மின்காந்தம்) உண்டு; 10, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு மேக்னட்டின் மின்தடை ஏறக்குறைய 3.2 ஓம். நான்கு மேக்னட் இணையாக இருந்தால் 0.8 ஓம் காட்ட வேண்டும், ஆறு இருந்தால் 0.5 சொச்சம். நான்கு சக்கர வண்டியில் 1.6 காட்டினால் இரண்டு மேக்னட் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அதில் வரும் அளவைக் கழித்துவிடுங்கள். இவ்வளவு சின்ன அளவில் அதுவே கணக்கைக் குழப்பும்.

அளவே காட்டாமல் இருந்தால் நீல வயரோ வெள்ளை வயரோ எங்கோ அறுந்திருக்கிறது. பிளக்கிலிருந்து வரும் கேபிள் முடியும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் முன்பக்கம், பின் பாக்ஸுக்கு அருகிலோ அடியிலோ இருக்கும். அங்கே தளர்ந்த இணைப்பு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

### கிளை: "ஷார்ட்" என்று காட்டுகிறது, அதுவும் மேடு பள்ளத்தில் மட்டும்

நின்றால் எல்லாம் சரி, குலுங்கினால் ஷார்ட். இதற்குப் பழக்கப்பட்ட ஒரு காரணம் உண்டு. பல ட்ரெய்லர்களில் ஒரு பக்க பிரேக்கிலிருந்து மறுபக்க பிரேக்குக்கு வயர் ஆக்ஸில் குழாயின் உள்ளே போகிறது. உள்ளே எதிலும் கட்டப்படாமல் ஓடும்போதெல்லாம் உலோகத்தில் உரசுகிறது. சில வருடத்தில் தோல் கிழிந்து செம்பு தெரியும்.

கண்டுபிடிக்க: ஆக்ஸிலுக்கு வயர் பிரியும் இடத்தில் ஒவ்வோர் ஆக்ஸிலாகத் துண்டித்து, ஷார்ட் எதோடு போகிறது என்று பாருங்கள். ஆக்ஸிலைக் கண்டுபிடித்துவிட்டால் உள்ளே இருக்கும் வயரைத் தேடி எடுக்க மெனக்கெட வேண்டாம். இரண்டு முனையிலும் வெட்டிவிட்டு, கொஞ்சம் தடித்த புது வயரை உறையோடு ஆக்ஸிலின் வெளிப்பக்கமாகக் கட்டிக் கொண்டுபோங்கள். தண்ணீர் புகாத இணைப்பான்கள் போடுங்கள். ஒரு மதிய நேரத்தில் முடிகிற வேலைதான். வயரிங் வராதவர்கள் மொபைல் ஆர்வி டெக்னீஷியனைக் கூப்பிட்டால் முகாமுக்கே வந்து செய்துவிடுவார்.

## கன்ட்ரோலர் சரி என்கிறது, ஆனால் பிரேக் பிடிக்கவில்லை

ட்ரக்தான் முழுச் சுமையையும் நிறுத்துகிறது, ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது என்ற உணர்வு வரும். மலைச்சரிவில் இது விளையாட்டல்ல.

1. கெயின் அளவு, அதாவது ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று கன்ட்ரோலரில் வைக்கும் அளவு. காலியான, சமமான தார்த் தரையில் மணிக்கு 25 மைல் வேகத்தில், ட்ரக் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலர் லீவரை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் உறுதியாகப் பிடித்து இழுக்க வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாது. பூட்டும் அளவு வரை கூட்டி, அதிலிருந்து ஒரு படி குறையுங்கள். ட்ரெய்லர் காலியாக இருக்கும்போது வைத்த கெயின், தண்ணீரும் சாமானும் ஏற்றிய பிறகு போதாது.

2. பிரேக் ஷூவுக்கும் (பிடிக்கும் பட்டைக்கும்) ட்ரம்முக்கும் உள்ள இடைவெளி. தானாகச் சரிசெய்துகொள்ளாத பிரேக்குகளை முதல் 200 மைலில் ஒருமுறை, பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறை கையால் சரிசெய்ய வேண்டும். ரொம்பப் பேர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. ஃப்ரேமில் ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள், ஆக்ஸில் குழாயில் ஜாக் வைக்காதீர்கள். ட்ரம்முக்குப் பின்னால் உள்ள தட்டின் அடியில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை வழியே ஸ்டார் வீலை (இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரத்தை) திருப்பி, சக்கரம் சுற்றவே சிரமப்படும் வரை இறுக்குங்கள். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, லேசான உரசலோடு தாராளமாகச் சுற்றும் அளவுக்கு விடுங்கள். நான்கு சக்கரமும் கையில் ஒரே மாதிரி உணர வேண்டும்.

3. மின்சாரம் போதவில்லை. மிகப் பெரும்பாலானவர்கள் தவறவிடும் காரணம் இதுதான். ஒரு மேக்னட் ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும். நான்கு பிரேக்குக்கு 12, ஆறுக்கு 18. கிளாம்ப் மீட்டரை நீல வயரில் மாட்டி, ஒருவர் லீவரை முழுதாக அழுத்தட்டும். 12 வர வேண்டிய இடத்தில் 7, 8 தான் வருகிறது என்றால் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது, வயர் மெலிதாக இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு மேக்னட் வேலை செய்யவில்லை. கிரவுண்டை முதலில் பாருங்கள். ஃப்ரேமில் ஒரு திருகில் முறுக்கிவிட்ட வெள்ளை வயர், அதைச் சுற்றிப் பெயின்ட்டும் துருவும். சுரண்டி, புது முனை போட்டு இறுக்கினாலே அளவு ஏறுவதைப் பார்க்கலாம்.

எந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: ஒரு சாதாரணத் திசைகாட்டியை ட்ரம்முக்கு அருகில் பிடியுங்கள். ஒருவர் லீவரை அழுத்தும்போது ஊசி வெடுக்கென்று திரும்பினால் மேக்னட்டுக்கு மின்சாரம் வருகிறது. அசையாமல் இருந்தால் அந்தச் சக்கரம்தான்.

4. ஷூவில் கிரீஸ். மின்சாரம் சரி, இடைவெளி சரி, ஆனாலும் ஒரு சக்கரம் பிடிக்கவில்லை என்றால் ட்ரம்மைக் கழற்றுங்கள். பேரிங்குக்கு வெளியிலிருந்தே கிரீஸ் அடிக்கும் வசதி உள்ள ஆக்ஸில்களில், சக்கரத்தைச் சுற்றாமல் வேகமாக அடித்தால் கிரீஸ் பின்சீலைப் பிதுக்கிக்கொண்டு ஷூ மேல் பாயும். ட்ரம்மைத் திறந்தவுடன் கறுப்பாக மினுங்கும் ஷூவும் அதன் எரிந்த வாடையும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கிரீஸ் ஊறிய ஷூவைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். மேக்னட், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் பொருத்திய பின் தட்டு முழு செட்டாகவே கிடைக்கிறது. அதை வாங்கி, அந்த ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். சீலையும் சேர்த்துத்தான்.

5. ட்ரம் தேய்வு, அல்லது வண்டியின் எடைக்கு பிரேக் போதவில்லை. இந்தக் கட்டத்தில் ஆக்ஸில் கடைக்குப் போக வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு மாற்றும் யோசனையும் இங்கேதான் வரும். நன்றாக நிற்கும், ஆனால் செலவு அதிகம். மேலே உள்ள நான்கையும் முடிக்காமல் அதற்குப் போகாதீர்கள்.

### கிளை: பிரேக் விடவே மாட்டேன் என்கிறது

பிளக்கைக் கழற்றிய பிறகும் சக்கரம் பூட்டியே இருந்தால் பிரேக்அவே சுவிட்ச்சைப் பாருங்கள். ட்ரெய்லர் கழன்று போனால் கேபிள் இழுபட்டு, ட்ரெய்லர் பேட்டரியிலிருந்தே பிரேக் முழுதாகப் போடும் சுவிட்ச் அது. ஊசி வெளியே வந்திருக்கலாம், உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினால் பிரேக் விட்டுவிடுகிறதா? அப்படியானால் சுவிட்ச்தான். மாற்றிவிடுங்கள், துடைத்து ஓட்ட வேண்டாம்.

இந்தக் கேபிளை ஹிட்ச்சின் கைப்பிடியில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கேபிள் இறுகினால் கைப்பிடியையே இழுத்துத் திறந்துவிடும். ஹிட்ச் தலையோடு சேராத, ட்ரக்கோடு உறுதியாக இணைந்த வேறோர் இடத்தில் மாட்டுங்கள். சுவிட்ச்சைச் சோதிக்கும்போது முதலில் ட்ரக் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஊசியைச் சில விநாடிக்கு மேல் வெளியே விடாதீர்கள், பேட்டரியும் இறங்கும், மேக்னட்டும் சூடாகும்.

## விளக்குகள் மினுக்குகின்றன, மங்குகின்றன

இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து மங்கித் துடித்தால் கிரவுண்ட். வேறெதையும் யோசிக்க வேண்டாம், வெள்ளை வயரைப் பின்தொடருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, அப்புறம் ட்ரக்கில் அந்தப் பக்கத்துக்கான ஃபியூஸ். ஓடும்போது ட்ரெய்லர் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்றால் சார்ஜ் முனையின் ஃபியூஸ்.

## நெடுஞ்சாலையில் ட்ரக் முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுக்கிறது

ஃபிஃப்த் வீல்காரர்கள் "சக்கிங்" என்று சொல்வது. சீட்டில் உட்கார்ந்திருப்பவரை யாரோ பின்னாலிருந்து தட்டிக்கொண்டே வருவது போல் இருக்கும்.

சாலையைப் பாருங்கள் முதலில். கான்கிரீட் சாலையின் இணைப்புகள் உங்கள் வண்டியின் நீளத்தோடு ஒத்துப்போனால் நல்ல வண்டியும் வெட்டும். லூசியானாவில் ஐ-10 சாலையின் அச்சாஃபலயா பாலம் 18 மைல் நீளம், அது முழுக்கத் தடதடவென்றுதான் போகும். தார்ச் சாலைக்கு வந்தவுடன் நின்றுவிட்டால் வண்டியில் கோளாறு இல்லை. வேகத்தை ஐந்து மைல் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

தார்ச் சாலையிலும் தொடர்ந்தால் எடையைப் பாருங்கள். ஃபிஃப்த் வீலில் ட்ரெய்லர் எடையின் 20 சதவீதம் அளவுக்குக் கிங்பின்னில் இறங்க வேண்டும். 15-க்குக் கீழே போனால் மூக்கு துள்ளும். தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் 60 கேலன் நிரப்பினால் 500 பவுண்டு பின்பக்கம் ஏறி, மூக்கைத் தூக்கிவிடும். ட்ரக் ஸ்டாப்களில் உள்ள கேட் ஸ்கேலில் (CAT எடை மேடையில்) ட்ரெய்லரோடு ஒருமுறை, கழற்றிவிட்டு ட்ரக் மட்டும் ஒருமுறை எடை போடுங்கள். ட்ரெய்லரோடு இருக்கும்போது ட்ரக்கின் இரண்டு ஆக்ஸில்களும் காட்டிய எடையிலிருந்து, ட்ரக்கின் தனி எடையைக் கழித்தால் வருவது கிங்பின் எடை. அதே எடைச் சீட்டை வைத்துக்கொண்டு ட்ரக்கின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஆக்ஸில் வரம்பையும் சரிபார்த்துவிடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் வேறெந்தப் பழுதையும் பார்ப்பதில் பயனில்லை, சுமையைக் குறைக்க வேண்டும் அல்லது பெரிய ட்ரக் வேண்டும்.

எடை சரி என்றால் தளர்ச்சி. ஒருவர் ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ட்ரக்கை இம்மி முன்னே, இம்மி பின்னே அசைக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில், பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். கிங்பின் தாடைக்குள் ஆடுகிறதா, ஹிட்ச் தன் ரெயிலில் ஆடுகிறதா, ரெயிலே ட்ரக் பெட்டில் ஆடுகிறதா? போல்ட் என்றால் கையேட்டில் சொன்ன டார்க்கில் இறுக்குங்கள். தாடை என்றால் சில ஹிட்ச்களில் சரிசெய்யும் வசதி உண்டு. ட்ரெய்லர் பிரேக் தாமதமாகப் பிடித்தாலும் நிறுத்தும்போது மட்டும் இதே வெட்டு வரும், மேலே உள்ள பகுதிக்குப் போங்கள். காற்றுப்பை அல்லது ரப்பர் வைத்த பின் பாக்ஸ் கடைசித் தீர்வு. நிஜமாகவே சுகமாக இருக்கும், ஆனால் தளர்ந்த போல்ட்டை அது மறைக்கத்தான் செய்யும்.

## ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருக்கிறது

ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்திலும் எல்லா ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதியையும்) எல்லா டயரையும் வெப்பமானியால் பாருங்கள். எண் முக்கியமல்ல, வித்தியாசம்தான் முக்கியம். வெயில் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அதே பக்கத்தில் ஒன்று மட்டும் தனித்து எகிறினால் நிற்க வேண்டும்.

*டயர் சூடு, ஹப் சாதாரணம்:* காற்று குறைந்திருக்கிறது அல்லது சுமை அதிகம். சூடான டயரில் காற்றை வெளியேற்றிச் சரிசெய்யாதீர்கள், அளவு எப்போதும் காலையில், ஓட்டும் முன் எடுப்பது. லோட் ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) இ டயருக்கு 80 பிஎஸ்ஐ, ஜி டயருக்கு 110 என்பது வழக்கமான உச்ச அளவு, உங்கள் டயரின் பக்கச் சுவரிலும் ட்ரெய்லர் ஸ்டிக்கரிலும் பாருங்கள். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதையும் பாருங்கள்: பக்கச் சுவரில் உள்ள டாட் (DOT) எழுத்துகளின் முடிவில் 3521 என்று இருந்தால் 2021-இன் 35-ஆவது வாரம் செய்தது. ட்ரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். ஐந்து வருடம் தாண்டியதை நான் நீண்ட பயணத்துக்கு நம்புவதில்லை. ஒரு டயர் வெடித்திருந்தால் அதே பக்கத்தில் இருந்த மற்றது அந்த நேரம் முழுச் சுமையையும் தாங்கியிருக்கிறது. அதையும் சந்தேகப்படுங்கள்.

*ஹப் சூடு:* ஸ்டார் வீலை அதிகம் இறுக்கியிருக்கலாம். அல்லது பேரிங். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், சுற்றிக் காது கொடுங்கள். ஆட்டமும் கரகரப்பும் இருந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எரிந்த பேரிங் ஆக்ஸில் முனையையே தின்றுவிடும், சக்கரம் தனியாக ஓடும். அங்கேயே மொபைல் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, சீல் மாற்றினால் இந்த நிலைமை அபூர்வம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய நாளில் 10, 25, 50 மைலில் நின்று லக் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள்.

*டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்கிறது:* காற்றுக் குறைவென்றால் இரண்டு விளிம்பும் தேயும். ஒரு விளிம்பு மட்டும் என்றால் வளைந்த ஆக்ஸில், அல்லது ஸ்பிரிங்குகளைப் பிணைக்கும் ஷேக்கிளில் நைலான் புஷ் தேய்ந்து ஓட்டை நீண்டிருக்கிறது. புஷ்ஷை வெண்கலத்துக்கு மாற்றலாம். ஆக்ஸில் வளைவு ஆக்ஸில் கடையில் அளந்து பார்க்க வேண்டியது.

## இறக்கத்தில் எரியும் வாடை

கொலராடோவில் ஐ-70 வழியாக ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே. அங்கிருந்து டென்வர் பக்கம் இறங்கும்போது நீண்ட சரிவு வரும். வாடை வந்தால் ஓரம் கட்டி, பிரேக் ஆறும் வரை நில்லுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ட்ரக் பிரேக் சூடு, ட்ரெய்லர் பிரேக் ஆறியிருக்கிறது என்றால் கெயின் குறைவு. தலைகீழாக இருந்தால் கெயின் அதிகம். இரண்டுமே சூடு என்றால் கியர்: டோ ஹால் (சுமை இழுப்பதற்கான கியர் முறை) போட்டு, ஏறிய கியரைவிட உயர்ந்த கியரில் இறங்காதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையைத் தடுத்து வேகம் குறைக்கும் வசதி) இருந்தால் சரிவு தொடங்கும் முன்பே போடுங்கள்.

## லேண்டிங் கியர் இறங்கவில்லை

பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். அடுத்து பேட்டரிக்கு அருகில் உள்ள சர்க்யூட் பிரேக்கர். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு ஒரு கால் மட்டும் அசையவில்லை என்றால் இணைக்கும் தண்டில் உள்ள சின்ன ஊசி முறிந்திருக்கும். அதே தடிமன், அதே மென்மையான ஊசிதான் போட வேண்டும். கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை முறிவது கியர் பெட்டி.

## முன்பக்கச் சுவரில் விரிசல், பின் பாக்ஸுக்கு மேலே இடைவெளி

படுக்கையறைக்கு அடியில், மூக்கு உடலோடு சேரும் வளைவில் பக்கத் தகடு உப்புகிறதா, மூலைப் பட்டி பிரிகிறதா, உள்ளே சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கோடு விழுகிறதா? சிலிக்கோன் வைத்து மூடிவிட்டு ஓட்டாதீர்கள். ஃப்ரேம் அளவுக்கு மீறி நெளிகிறது, அல்லது எங்கோ வெல்டு விட்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி இது. ட்ரெய்லரின் முழு முன்பாரத்தையும் தாங்கும் இடம் அது.

லேண்டிங் கியரை மேலும் கீழும் இயக்கும்போது ஒருவர் அந்த இடைவெளி விரிகிறதா என்று பார்க்கட்டும். அளவுகோலை ஒட்டிவைத்து, இரண்டு நிலையிலும் தேதியோடு படம் எடுங்கள். விரிகிறது என்றால் இழுக்க வேண்டாம். வண்டியின் வின் எண்ணை (VIN, அடையாள எண்) அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் (NHTSA) தளத்தில் போட்டுத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழுது இலவசம். இல்லையென்றால், உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால், படங்களோடு தயாரிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அவர்கள் ஒப்புதல் தரும் முன் யாரையும் தகட்டைப் பிரிக்க விடாதீர்கள். காலம் முடிந்திருந்தால் ஆர்வி ஃப்ரேம் வெல்டிங்கில் பழகிய கடையை மட்டும் அணுகுங்கள். அங்கே போகும்போது கேட் ஸ்கேல் சீட்டையும் கொண்டுபோங்கள். எடை வரம்புக்குள் இருந்ததா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.